நண்பனுக்குச் சொன்ன நன்றி: எடின்சன் கவானியும் இரண்டு சொற்களும்

2020 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. சவுத்தாம்ப்டனின் செயின்ட் மேரீஸ் மைதானம் காலியாகக் கிடந்தது. கொரோனா காலம். இங்கிலாந்தில் பல மாதங்களாக ரசிகர்கள் இல்லாமல்தான் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. இடைவேளைக்குள் மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று பின்தங்கிவிட்டது. பயிற்சியாளர் சோல்ஷார், மேசன் கிரீன்வுட்டை உட்காரவைத்துவிட்டு உருகுவேக்காரரான எடின்சன் கவானியை இறக்கினார். 33 வயது, தோள்வரை நீண்ட முடி, முதுகில் 7ஆம் எண்.

60ஆவது நிமிடத்தில் கவானி கொடுத்த பந்தை புரூனோ ஃபெர்னாண்டஸ் கோலாக்கினார். 74ஆவது நிமிடத்தில் புரூனோ அடித்த பந்து தடுப்பாட்டக்காரர் மேல் பட்டுத் திசை மாறியது. மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கவானி தாழப் பாய்ந்து தலையால் முட்டிவிட்டார். 2-2. தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது ராஷ்ஃபோர்ட் பந்தைத் தூக்கி அனுப்பினார். மறுபடியும் அதே தலை. 3-2.

காலி மைதானத்தில் கோல் போட்டவருக்குக் கைதட்டல் எங்கிருந்து வரும்? கைபேசியிலிருந்துதான். அன்று கவானியின் இன்ஸ்டாகிராமில் வாழ்த்து மழை. அதில் ஒன்று அவருடைய நண்பர் போட்டது. கவானி அதைத் தன் ஸ்டோரியில் எடுத்துப் போட்டு, கூடவே இரண்டே சொல் எழுதினார்: "கிராசியாஸ் நெக்ரிதோ."

கிராசியாஸ் என்றால் நன்றி. அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. 'கறுப்பு' என்ற வேரிலிருந்து வந்த அடுத்த சொல்தான் சுமார் ஒரு மாதத்தில் இரண்டு நாடுகளின் சண்டையாக மாறியது. ஸ்டோரி என்பது 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடுவது. கவானி அதற்கும் முன்பே அழித்துவிட்டார், அந்தச் சொல் இங்கிலாந்தில் எப்படிக் கேட்கும் என்று யாரோ எடுத்துச் சொன்னதும். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் எடுத்தாயிற்று. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் வழக்குப் போட்டு அவருக்குத் தண்டனை விதித்தது.

இந்த வழக்கைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டுவிட்டது. பெரும்பாலும் இரண்டே கட்சி. 'இனவெறிச் சொல், தண்டனை சரி' என்பது ஒன்று. 'செல்லச் சொல், தண்டனை அநியாயம்' என்பது மற்றொன்று. எனக்கு இரண்டிலும் மனம் நிற்கவில்லை. ஒரு ஆட்டக்காரரின் இணையப் புகழ் அவருடைய பேச்சை என்ன செய்கிறது என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை முழுசாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

திரைக்குள் மட்டுமே கிடைத்த ரசிகர்கள்

கவானி மான்செஸ்டருக்கு வந்த நேரம் அப்படி. 2020 அக்டோபர் 5, ஆட்டக்காரர்களை வாங்குவதற்கான கடைசி நாள். அதற்கு முந்தைய நாள்தான் யுனைடெட் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் டாட்டன்ஹாமிடம் 6-1 என்று அடி வாங்கியிருந்தது. பாரிஸ் சாங் ஜெர்மாங் கிளப்பில் ஏழு வருடம் ஆடி 200 கோல் அடித்தவர், ஒப்பந்தம் முடிந்து சும்மா இருந்தார். கிளப்புக்குக் கிளப் கொடுக்கும் பணம் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தார். வயசான ஆளை அவசரத்தில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு இருந்தது. அதுவும் 7ஆம் எண் சட்டை. ஜார்ஜ் பெஸ்ட், கான்டோனா, பெக்காம், ரொனால்டோ போட்ட சட்டை. ரொனால்டோ போனபிறகு அதை வாங்கிய டி மரியா, டெபாய், சான்செஸ் யாருக்கும் அது ராசியாக இல்லை.

அக்டோபரிலிருந்து அடுத்த மே மாதம் வரை அவர் ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு ஆட்டம்கூடச் சொந்த ரசிகர்கள் முன்னால் ஆடவில்லை. அதை நினைத்துப் பாருங்கள். ஒரு ஊருக்கு வேலைக்குப் போகிறோம், அந்த ஊர் ஜனங்கள் நம்மைக் கொண்டாடுகிறார்கள், ஆனால் ஒருவர் முகத்தையும் நாம் பார்க்கவில்லை. அவருக்கும் யுனைடெட் ரசிகர்களுக்கும் இடையில் இருந்த உறவு முழுவதும் திரையில் நடந்தது. பந்து காலில் இல்லாதபோது அவர் ஓடும் ஓட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து ரசிகர்கள் பகிர்ந்தார்கள். தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார், அவர் திரும்பினால் முன்னால் வந்துவிடுவார். இதையெல்லாம் பார்த்து ரசிக்க டிவி கேமரா போதாது, யாராவது வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். இணையத்தில் காட்டினார்கள். அந்தப் புகழ் அப்படி வளர்ந்தது.

அவருடைய கணக்கைப் பின்தொடர்ந்தவர்கள் பல லட்சம் பேர். நாப்போலிக் காலத்து இத்தாலியர்கள், பாரிஸ்காரர்கள், சொந்த நாட்டார், இப்போது புதிதாக மான்செஸ்டர் கூட்டம். ஆனால் கவானி அந்தக் கணக்கில் எழுதியது ஊர்க்காரர் எழுதுவதுபோல. நண்பர் வாழ்த்தினார், இவர் பதில் சொன்னார். வீட்டுத் திண்ணையில் பேசுவதாக நினைத்துப் பேசினார். திண்ணைக்கு முன்னால் நாலு தேசத்து ஜனம் நின்றுகொண்டிருந்தது.

சால்தோவில் பிறந்த இருவர்

உருகுவேயின் வடமேற்கில், உருகுவே ஆற்றங்கரையில், சால்தோ என்று ஒரு ஊர். அக்கரையில் அர்ஜென்டினா. ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். ஆரஞ்சுத் தோட்டங்களும் வெந்நீர் ஊற்றுகளும் அந்தப் பக்கத்துக்குப் பேர் போனவை. அங்கே 1987 ஜனவரி 24 அன்று லூயிஸ் சுவாரெஸ் பிறந்தார். மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 14 அன்று, கவானி பிறந்தார். ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டு முன்கள ஆட்டக்காரர்கள். உருகுவே தேசிய அணிக்காக அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் முதல் இரண்டு பேரும் இவர்கள்தான்.

இங்கிலாந்தில் இந்தச் சொல்லின் வேரால் இவர்கள் இருவருமே தண்டனை வாங்கினார்கள். கவானிக்கு ஒன்பது வருடம் முன்பு, 2011 அக்டோபர் 15 அன்று ஆன்ஃபீல்டில், லிவர்பூலுக்கு ஆடிய சுவாரெஸ் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ராவிடம் 'நெக்ரோ' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவருக்கு 8 ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. 2011 டிசம்பர் 31 அன்று 115 பக்க அறிக்கை வெளியானது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து மொழி வல்லுநர்கள் இருவரைக் கூப்பிட்டு, உருகுவேயும் அர்ஜென்டினாவும் சேர்ந்த ரியோ டி லா பிளாட்டா பகுதி ஸ்பானியத்தில் அந்தச் சொல்லுக்கு என்னென்ன பொருள் என்று கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். சிநேகமாகவும் சொல்லலாம், சீண்டலாகவும் சொல்லலாம், சூழ்நிலைதான் தீர்மானிக்கும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். மைதானத்தில் இருவரும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்த நேரம் அது. எவ்ராவின் தோலைக் கிள்ளிய விஷயமும் இருந்தது. சிநேகமாகச் சொன்னேன் என்ற சுவாரெஸின் வாதத்தைச் சங்கத்தின் விசாரணை ஆணையம் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

கவானி வழக்கு வந்ததும் எல்லோருக்கும் சுவாரெஸ் ஞாபகம்தான் வந்தது. 'மறுபடியும் ஒரு உருகுவேக்காரர்' என்று எழுதினார்கள். அந்த ஒப்பீட்டிலேயே கவானிக்குப் பாதி அநியாயம் நடந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒருவர் எதிராளியை முறைத்துக்கொண்டு சொன்னார். இன்னொருவர் நண்பனுக்கு நன்றி சொன்னார். எழுத்து கிட்டத்தட்ட ஒன்று, செயல் வேறு.

அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'நெக்ரோ' என்றால் ஸ்பானியத்தில் கறுப்பு நிறம். சட்டை கறுப்பு என்றாலும் அதுதான், காப்பி கறுப்பு என்றாலும் அதுதான். 'இதோ' என்ற பின்னொட்டு சேர்ந்தால் சின்னதாக, செல்லமாக ஆகிவிடும். நாம் 'குட்டி' சேர்ப்பதுபோல. உருகுவேயிலும் அர்ஜென்டினாவிலும் 'கோர்தோ' என்றால் குண்டா, 'ஃபிளாகோ' என்றால் ஒல்லி. ஆள் குண்டாகவோ ஒல்லியாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. கணவன் மனைவிக்குள், நண்பர்களுக்குள் அழைக்கும் பெயர்கள் அவை. நெக்ரிதோவும் அந்த வரிசையில் ஒன்று. அழைக்கப்படுகிறவர் கறுப்பாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

'நன்றிடா கருப்பா' என்று மொழிபெயர்த்தால் தமிழில் கிட்டத்தட்டச் சரியாக வரும். இதை ஆங்கிலேயருக்கு விளக்க ஒரு ஆணையமே தேவைப்பட்டது, நமக்குத் தேவையில்லை. என் பாட்டி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'ஏ கருப்பா, சாப்பிட வா' என்பதுதான். அந்தக் குரலை இன்னொருமுறை கேட்க எதையும் கொடுப்பேன். எட்டாம் வகுப்பில் ஒரு ஆசிரியர், கடைசி பெஞ்சில் இருந்த என்னை எழுப்பி, அதே சொல்லால் கூப்பிட்டார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை. எழுத்தில் போட்டால் இரண்டு 'கருப்பா'வுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது.

அதனால் 'அது வெறும் செல்லச் சொல்' என்று யாராவது ஒரே அடியாக முடித்துவைத்தால் என்னால் தலையாட்ட முடியாது. 'அது இனவெறிச் சொல்' என்று முடித்துவைத்தாலும் முடியாது. சொல்கிறவர், கேட்கிறவர், இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொல்.

உருகுவே சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

நவம்பர் 30 அன்றே கவானி மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். நண்பருக்கு அன்பாகச் சொன்னது, யாரையும் புண்படுத்தும் எண்ணம் கொஞ்சமும் இல்லை என்றார். டிசம்பர் 17 அன்று கால்பந்துச் சங்கம் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. கவானி எதிர்த்து வாதாடவில்லை, ஒப்புக்கொண்டார். டிசம்பர் 31 அன்று தீர்ப்பு. மூன்று ஆட்டத் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம், நேரில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும் என்ற உத்தரவு. ஆஸ்டன் வில்லா, மான்செஸ்டர் சிட்டி, வாட்ஃபோர்டு ஆகிய அணிகளுடனான ஆட்டங்கள் அவருக்குப் போயின.

புத்தாண்டு பிறந்த கையோடு உருகுவேயிலிருந்து பதில் வந்தது. முதலில் பேசியது கால்பந்து அமைப்பு அல்ல, மொழி அமைப்பு. அந்த நாட்டின் தேசிய இலக்கியக் கழகம், சொற்களைக் காப்பதும் விளக்குவதும் தன் வேலையாகக் கொண்ட சபை, கவானிக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்று கண்டித்தது. ஸ்பானியத்தின் நுட்பம் தெரியாமல், அதன் சூழல் தெரியாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்பது அதன் வாதம். ஒரு கால்பந்துத் தடைக்காக ஒரு நாட்டின் மொழிக் கழகம் அறிக்கை விட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. தன் பேச்சுக்காக ஒரு மொழி எழுந்து நின்று பேசியது அது. பிறகு உருகுவே ஆட்டக்காரர்கள் சங்கமும், எங்கள் பண்பாட்டுக்கும் வாழ்முறைக்கும் எதிரான பாகுபாடு இதுதான் என்று எழுதியது. தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பும் கவானி பக்கம் நின்றது.

அந்நாட்டுக் கால்பந்தின் வரலாறும் அந்தப் பக்கம் பேசக்கூடியதுதான். 1916இல் புவெனஸ் அயர்ஸில் நடந்த முதல் தென் அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் உருகுவே அணியில் இசபெலினோ கிராதீன், ஹுவான் டெல்காடோ என்று இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். சிலியை 4-0 என்று தோற்கடித்தார்கள். கிராதீனுக்கு இரண்டு கோல். ஆப்பிரிக்கர்களை இறக்கிவிட்டார்கள் என்று சிலி புகார் சொன்னதாக அந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. வேறு பல நாட்டு அணிகள் யோசிக்காத காலத்தில் உருகுவே அவர்களை ஆடவைத்தது. 1924, 1928 ஒலிம்பிக் தங்கத்திலும் 1930 உலகக் கோப்பையிலும் ஹோசே லேயாந்த்ரோ அந்த்ராதே இருந்தார். 1950 ஜூலை 16 அன்று மரகானா மைதானத்தில் உலகக் கோப்பையை வென்று பிரேசிலை அழவைத்த அணியின் தலைவர் ஒப்துலியோ வரேலாவை நாடே அழைத்த பெயர் 'எல் நெக்ரோ ஹெஃபே'. கறுப்புத் தலைவன். உருகுவேயில் அதைவிட மரியாதையான பட்டம் ஒரு ஆட்டக்காரருக்குக் கிடைத்ததில்லை.

சரி, ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உருகுவே மக்களில் சுமார் 8 சதவீதம் பேர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். மான்டிவிடியோவின் பாரியோ சுர், பலெர்மோ பகுதிகளில் தெருவில் இறங்கி முழங்கும் கந்தோம்பே மேளம் அவர்கள் கொடுத்தது. 2013இல் அந்த நாட்டு அரசே 19,122 என்ற எண்ணுள்ள சட்டத்தைக் கொண்டுவந்து, அரசுப் பணியிடங்களில் 8 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்கியது. பாகுபாடு இல்லாத ஊரில் யாரும் இட ஒதுக்கீட்டுச் சட்டம் போடுவதில்லை. அதே ஆண்டில் ஆப்ரோ-உருகுவே பண்பாட்டு அமைப்பு ஒன்று, 'கறுப்பனைப்போல் உழைப்பது' என்ற ஸ்பானிய வழக்கை அகராதியிலிருந்து எடுக்கச் சொல்லி இயக்கம் நடத்தியது. எங்கள் பேச்சில் இந்தச் சொல் யாரையும் காயப்படுத்தாது என்று இலக்கியக் கழகம் சொல்லும்போது, அந்த 'எங்கள்' என்பதில் இவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி வருகிறது. செல்லச் சொல் எப்படிச் செல்லமானது? ஒரு காலத்தில் வீட்டு வேலைக்கு நின்ற கறுப்புப் பையனை முதலாளி கூப்பிட்ட விதத்திலிருந்து அன்பு வந்ததா, அன்பிலிருந்து கூப்பிடும் விதம் வந்ததா? அதை ஒரு அறிக்கையில் அடக்கிவிட முடியாது. வெளியிலிருந்து அடி விழுந்த அவசரத்தில் உருகுவே அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டது.

தீர்ப்புக்குள்ளே

எழுத்துப்பூர்வமான தீர்ப்பைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கவானிக்கு இனவெறி நோக்கம் இல்லை என்பதை ஆணையமே ஏற்றுக்கொண்டது. நண்பருக்கு அன்பாக, நன்றியாகச் சொன்னதுதான் என்பதையும் ஏற்றுக்கொண்டது. அப்புறம் ஏன் தண்டனை? பதிவு பொதுவெளியில் இருந்தது. பெரிய கிளப்பில் ஆடும், பெரும் கூட்டம் பின்தொடரும் ஆட்டக்காரர். இங்கே அதைப் படிக்கும் சாதாரண மனிதருக்கு அது எப்படிப் படும் என்பதுதான் அளவுகோல், எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பது அல்ல.

இந்த அளவுகோல் புதிதல்ல. 2019 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் பெர்னார்டோ சில்வா, தன் கறுப்பின நண்பர் பெஞ்சமின் மெண்டியை ஒரு மிட்டாய்ப் பாக்கெட்டில் இருந்த பொம்மைப் படத்தோடு ஒப்பிட்டு ட்வீட் போட்டார். மெண்டியே சிரித்தார். இருந்தும் சில்வாவுக்கு ஒரு ஆட்டத் தடையும் 50,000 பவுண்டு அபராதமும் விழுந்தது. 2020 ஜூனில் டெலி அலிக்கும் ஒரு காணொளிக்காக அதே தண்டனை. அந்தக் கோடையில்தான் சங்கம் விதியை இறுக்கியது. சமூக ஊடகப் பதிவானால் வழக்கமான குறைந்தபட்சத் தடை மூன்று ஆட்டம் என்று ஆனது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகான மாதங்கள் அவை. பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி நின்றார்கள். விதியை இறுக்கியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இறுக்கத்தான் வேண்டும். ஆனால் இறுக்கிய விதியின் முன்னால் முதலில் வந்து நின்றவர்களில் ஒருவர் நண்பனுக்கு நன்றி சொன்ன மனிதர்.

இந்த இடத்தில்தான் இணையப் புகழ் உள்ளே வருகிறது. பேச்சுக்கு எப்போதும் ஒரு கேட்பவர் உண்டு. நண்பன் கேட்டால் அந்தச் சொல் நண்பனுக்கான சொல். கவானி சாதாரண ஆளாக இருந்திருந்தால், அந்த ஸ்டோரியை முந்நூறு பேர் பார்த்திருப்பார்கள், எல்லோரும் ஊர்க்காரர்கள், ஒருவருக்கும் புருவம் உயர்ந்திருக்காது. புகழ் வந்ததும் கேட்பவர் மாறிவிடுகிறார். அவர் யார் என்று பேசுகிறவருக்குத் தெரிவதில்லை. ஆணையம் அந்தத் தெரியாத கேட்பவரை ஒரு இங்கிலாந்துக்காரராக வைத்துக்கொண்டது. இங்கிலாந்து சங்கம் இங்கிலாந்துக் காதைத்தான் வைத்துக்கொள்ளும், அதில் ஒரு நியாயம் உண்டு. சம்பளம் வாங்குகிற ஊரின் காயங்கள் என்னென்ன என்று தெரிந்துகொள்வது ஒருவருடைய கடமைதான். அந்த எழுத்துக் கூட்டத்தைப் பார்த்த லண்டன் கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்கு ஸ்பானியப் பின்னொட்டு தெரிந்திருக்க நியாயமில்லை. தன்னைத் தெருவில் திட்டிய சொல்லின் நிழல்தான் அவனுக்குத் தெரியும். அவன் வலிக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சிறுவனுக்கு விளக்கம் சொல்வது ஒன்று, இந்த மனிதர் பேரில் பாகுபாட்டுக் குற்றம் என்று பதிவு போடுவது இன்னொன்று. நோக்கம் இல்லை என்று எழுதிக்கொண்டே, நோக்கத்தோடு செய்தவர்களும் நிற்கும் அதே பிரிவில் ஒருவரை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. யுனைடெட் கிளப்பும் இதைத்தான் கேட்டது. கவானி இனவெறியர் அல்ல என்பதை ஆணையம் தன் எழுத்தில் தெளிவாகச் சொல்லும் என்று நம்புகிறோம் என்றது. அபராதப் பணத்தை இனவெறிக்கு எதிரான வேலைகளுக்குச் செலவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. பாடம் கேட்க வைத்ததும், நடந்ததை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னதும் போதுமானதாக இருந்திருக்கும். ஒரு உருகுவேக்காரர் ஆங்கிலக் காதைப் பற்றிக் கற்றுக்கொள்கிறார், கூடவே இங்கிலாந்தும் கொஞ்சம் ஸ்பானியம் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது பாதி நடக்கவே இல்லை.

தீர்ப்பு வந்த அன்று கவானி எழுதியது ஒரு கௌரவமான பதில். ஆங்கில மொழி வழக்குகளுக்கு நான் அந்நியன், தண்டனையை ஏற்கிறேன், அந்தப் பார்வையை ஏற்கவில்லை என்ற பொருளில் எழுதினார். புண்பட்டவர்களிடம் மறுபடி மன்னிப்புக் கேட்டார். மேல்முறையீடு, வழக்கு, பழிவாங்கல் எதுவும் இல்லை. சால்தோக்காரருக்கு உரிய பிடிவாதமும் பணிவும் சரிபாதியாக இருந்தன அதில்.

மறுபக்கம்

இதே இங்கிலாந்தில், இதே பருவத்தில், கறுப்பின ஆட்டக்காரர்களின் கணக்குகளுக்கு ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் குரங்கு எமோஜிகள் வந்து விழுந்தன. சவுத்தாம்ப்டனில் கவானிக்குக் கடைசிப் பந்தைத் தூக்கிக் கொடுத்த ராஷ்ஃபோர்டுக்கும் வந்தன. பொறுக்கமுடியாமல் 2021 ஏப்ரல் 30 முதல் மே 3 வரை இங்கிலாந்துக் கால்பந்து உலகம் மொத்தமும், கிளப்புகள், ஆட்டக்காரர்கள், சங்கங்கள் எல்லாரும், சமூக ஊடகங்களை விட்டு ஒதுங்கி நின்றார்கள். நான்கு நாள் மௌனம். ஜூலையில் யூரோ இறுதிப் போட்டியில் பெனால்டி தவறியபோது ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவருக்கும் நடந்ததை எல்லோரும் பார்த்தோம்.

விதி ஆட்டக்காரர்களைத்தான் பிடிக்க முடியும். அவர்களுக்குப் பெயர் உண்டு, சட்டை எண் உண்டு, பிடித்து நிறுத்த அமைப்பு உண்டு. இரவில் எமோஜி அனுப்புகிறவருக்கு இவை எதுவும் இல்லை. புகழ்பெற்றவர் ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, புகழ்பெற்றவரைத் திட்டுகிறவர் ஆயிரம் சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கவானியின் ஒரு லட்சம் பவுண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இதுதான்.

மே 18

அந்த வசந்தத்தில் அவர் ஆடிய ஆட்டம் வேறு தரம். ஏப்ரல் 29 அன்று யூரோப்பா லீக் அரையிறுதியில் ரோமாவை 6-2 என்று அடித்தபோது இரண்டு கோல், மேலும் இரண்டுக்குப் பந்து கொடுத்தார். மறுநாள்தான் சமூக ஊடகப் புறக்கணிப்பு தொடங்கியது. ஒரு பெரிய இரவின் வாழ்த்துகள் கிளப்பின் கணக்குகளில் பாதியிலேயே நின்றுபோயின. மே 10 அன்று இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்திட்டார். அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸுக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். ரசிகர்கள் நிறைந்த ஓல்ட் டிராஃபோர்டை எடின்சன் ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றார் சோல்ஷார்.

எட்டு நாள் கழித்து, மே 18 அன்று, ஃபுல்ஹாமுடன் ஆட்டம். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு ஓல்ட் டிராஃபோர்டுக்குள் பத்தாயிரம் பேரை அனுமதித்திருந்தார்கள். கிளப் முதலாளிகள் மேல் கோபத்தோடு வந்த கூட்டம், எதிர்ப்பைக் காட்டப் பச்சையும் மஞ்சளுமாகத் துண்டுகள், இடைவெளி விட்டு இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். 15ஆவது நிமிடம். டி ஹியா நீளமாக உதைத்த பந்து புரூனோ பக்கம் வந்து அவரைத் தாண்டி ஓடியது. கவானி கோலிலிருந்து நாற்பது கெஜத்தில் இருந்தார். ஃபுல்ஹாம் கோல்கீப்பர் அரியோலா தன் கோட்டை விட்டு வெகுதூரம் முன்னால் வந்திருந்தார். கவானி தலை நிமிர்ந்து ஒரே ஒரு முறை பார்த்தார். அப்புறம் வலது காலால் பந்தின் அடியில் மெதுவாகத் தட்டினார்.

பந்து உயர எழுந்தது. அரியோலா பின்பக்கமாகத் தடுமாறி ஓடினார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இரண்டு விநாடியில் கேட்டது, ஒரு வருடத்துக்கும் மேலாக அங்கே கேட்காத ஒரு சத்தம். பத்தாயிரம் பேர் ஒன்றாக மூச்சை இழுக்கும் சத்தம். பந்து அரியோலாவின் தலைக்கு மேலே போய் வலைக்குள் இறங்கியது. கவானி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்களைப் பார்த்து ஓடினார். எட்டு மாதமாகத் திரையில் மட்டுமே தெரிந்த அந்த ஜனங்கள், முதல்முறையாக முகத்தோடும் குரலோடும், அவர் பேரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.